டெக்ஸாஸில் ஏற்றிய டீசலைப் புவேர்ட்டோ ரிக்கோவில் இறக்கலாமா?

கரைக்கு வந்தவன் (கேள்வி)

அண்ணன்மார்களே, கொஞ்சம் அவசரம். பதினோரு வருடம் கப்பலில் ஓடிவிட்டு, நான்கு மாதத்துக்கு முன்புதான் ஆபீஸ் நாற்காலிக்கு வந்தேன். டாங்கர் ஆபரேஷன்ஸ். மேனேஜர் இன்று விமானத்தில் இருக்கிறார், இறங்க இன்னும் ஒன்பது மணி நேரம். அதுவரைக்கும் நான்தான் எல்லாம்.

கப்பல் எம்ஆர் டாங்கர், அதாவது நடுத்தர அளவு எண்ணெய்க் கப்பல். மார்ஷல் தீவுகள் கொடி, தென்கொரியாவில் கட்டியது, ஆட்கள் பாதி நம்மவர்கள், பாதி பிலிப்பைன்ஸ்காரர்கள். ஹூஸ்டனில் 38,000 டன் டீசல் ஏற்றி முந்தாநாள் இரவு கிளம்பியது. ரீகேப்பில் (வாடகைப் பேச்சின் சுருக்கம்) இறக்குமிடம் என்ற இடத்தில், கரீபியன் கடலில் ஒரு பாதுகாப்பான துறைமுகம், சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) விருப்பப்படி என்று மட்டும் இருக்கிறது. கப்பல் கிளம்பும்போது எந்தத் துறைமுகம் என்று சொல்லவில்லை. இன்று காலை மெயில் வந்தது: "யாபுகோவா, புவேர்ட்டோ ரிக்கோ."

மேப்பைப் பார்த்தேன். கரீபியனில்தான் இருக்கிறது. ஆழம் போதும், டெர்மினல் எம்ஆர் கப்பல் எடுக்கும். சரி என்று மாஸ்டருக்கு (கேப்டன்) வாயேஜ் ஆர்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே சாட்டிலைட் போனில் கூப்பிட்டார். "தம்பி, ஏற்றினது அமெரிக்கா, இறக்கப்போறதும் அமெரிக்கா. ஒரு தடவை யாரிடமாவது கேட்டுவிட்டு அனுப்பு" என்றார். அப்புறம் லைன் கட்.

அனுப்பவில்லை. அவர் எதைச் சொல்கிறார்? புவேர்ட்டோ ரிக்கோ தனித் தீவு, தனிக் கொடி, ஒலிம்பிக்கில்கூடத் தனி அணி. எண்ணெய் இறக்க என்ன விதி இருக்கிறது? விதி தடுத்தால் வேறு வழி உண்டா?

---

பழைய சீஃப் மேட்

தம்பி, முதலில் அந்த மெயிலுக்கு "நோட்டட்" என்றுகூடப் பதில் போடாதே. உன் மாஸ்டர் காலைத் தொட்டுக் கும்பிடு.

அவர் சொல்வது ஜோன்ஸ் சட்டம். 1920-இல் வந்த வணிகக் கப்பல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. அமெரிக்காவின் ஓர் இடத்தில் ஏற்றிய சரக்கை அமெரிக்காவின் இன்னோர் இடத்தில் கடல்வழியாகக் கொண்டுபோய் இறக்க வேண்டுமென்றால், கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், அமெரிக்கக் கொடி பறக்க வேண்டும், உரிமையில் முக்கால் பங்காவது அமெரிக்கர்களிடம் இருக்க வேண்டும், ஆட்களும் பெரும்பாலும் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும். உன் கப்பலில் இதில் ஒன்றாவது இருக்கிறதா?

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவா என்பதுதான் உன் குழப்பம். 1898-இல் போருக்குப் பிறகு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்த தீவு அது. மாநிலம் இல்லை. அங்கே வசிப்பவர் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. ஆனால் கடலோரக் கப்பல் சட்டங்களுக்கு அது அமெரிக்கக் கரைதான். ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போவதும் யாபுகோவா போவதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்று.

(இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஜோன்ஸ் சட்டம் என்றுதான் சொல்வார்கள். அது வர்ஜீனியாவின் வில்லியம் ஜோன்ஸ். கப்பல் சட்டம் வாஷிங்டன் மாநில செனட்டர் வெஸ்லி ஜோன்ஸ். கூகுளில் தேடி மாற்றிப் படித்துவிடாதே. நான் படித்திருக்கிறேன்.)

தண்டனை என்னவென்று கேள். சரக்கையே பறிமுதல் செய்யலாம். இல்லையென்றால் சரக்கின் மதிப்பு, கொண்டுபோன செலவு, இரண்டில் எது அதிகமோ அந்தத் தொகை. 38,000 டன் டீசல் என்றால் ஏறக்குறைய 2,80,000 பீப்பாய். பீப்பாய் 100 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 2 கோடியே 80 லட்சம் டாலர். கொண்டுபோனவன், கொண்டுபோகச் சொன்னவன் இருவரிடமும் வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதனால் "சார்ட்டரர் சொன்னார், செய்தேன்" என்பது எடுபடாது.

இனி கவனமாகப் படி, இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டுக் கப்பல் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போகக் கூடாது என்று சட்டம் சொல்லவே இல்லை. தாராளமாகப் போகலாம். டிரினிடாடில் ஏற்றினால் போகலாம், ரோட்டர்டாமில் ஏற்றினால் போகலாம், இந்தியாவில் ஏற்றினால்கூடப் போகலாம். எங்கே ஏற்றினாய் என்பது ஒன்றுதான் கேள்வி.

2018-இல் நான் சீஃப் மேட்டாக சான் ஹுவான் போனேன். ஆம்ஸ்டர்டாமில் ஏற்றிய பெட்ரோல். கஸ்டம்ஸ்காரர் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் க்ரூ லிஸ்டையும் விசாக்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர், தலை நரைத்த மனிதர், பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சரக்கு ஏற்றிய சீட்டை, கேட்டு வாங்கினார். மேலே கப்பல் பெயர், கீழே கையெழுத்து, நடுவில் அளவு எதையும் பார்க்கவில்லை. ஆட்காட்டி விரலை நேராக "போர்ட் ஆஃப் லோடிங்" கட்டத்தில் வைத்தார். "ஆம்ஸ்டர்டாம்" என்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம் கடைசிப் பத்துத் துறைமுகப் பட்டியலை வாங்கி அதே விரலால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். வழியில் வேறெங்கும் சரக்கு எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எழுந்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிஷம் இருக்கும். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் பில் ஆஃப் லேடிங்கில் அந்தக் கட்டத்தில் "ஹூஸ்டன்" என்று இருக்கிறது, தம்பி.

இப்போது செய்ய வேண்டியது. சார்ட்டர் பார்ட்டியை (கப்பல் வாடகை ஒப்பந்தம்) எடு. சட்டத்துக்கு உட்பட்ட துறைமுகங்களுக்கு மட்டும் என்ற வரி எங்காவது இருக்கும், எல்லா ஃபார்மிலும் ஏதோ ஒரு உருவில் இருக்கும். அதைக் காட்டி, இந்த நியமனம் செல்லாது, செல்லுபடியாகும் வேறு துறைமுகம் தாருங்கள் என்று எழுது. காத்திருக்கும் நேரம் அவர்கள் கணக்கு என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடு. பின்னால் எழுதினால் கதை மாறும். பி&ஐ கிளப்புக்கும் (கப்பல்காரர்களின் காப்பீட்டுச் சங்கம்) ஒரு பிரதி போட்டு வை. மாஸ்டரிடம் வேகத்தைக் குறைத்து, யுகாட்டான் பக்கம் திரும்புவதா ஃப்ளோரிடா பக்கம் திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நிதானிக்கச் சொல்.

---

கரைக்கு வந்தவன்

அண்ணே, கோடி நன்றி. மெயில் போட்டுவிட்டேன். அதற்குள் சார்ட்டரர் தரப்பில் ஒருவர் போனில் வந்து, "பஹாமாஸில் ஒரு நாள் நிறுத்தி, டாங்கில் இறக்கித் திரும்ப ஏற்றிப் புது பில் எடுத்துவிடலாம், எல்லாரும் செய்வதுதான்" என்கிறார். இன்னொன்றும் சொன்னார். 2022-இல் இதே மாதிரி ஒரு கப்பலுக்கு அமெரிக்க அரசே அனுமதி கொடுத்ததாம். அது உண்மையா?

---

பழைய சீஃப் மேட்

இரண்டாவது உண்மை. முதலாவதை அவர் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் மெயிலில் எழுதித் தரச் சொல். தர மாட்டார்.

பஹாமாஸ் விஷயம். சட்டத்தின் வாசகமே "நேராகவோ, வெளிநாட்டுத் துறைமுகம் வழியாகவோ" என்று போகிறது. பயணத்தின் எந்தப் பகுதியையும் அமெரிக்கத் தகுதி இல்லாத கப்பல் செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே இந்த யோசனை யாருக்கோ வந்திருக்கிறது பார்! டாங்கில் இறக்கி அதே டீசலைத் திரும்ப ஏற்றினால் அது அதே ஹூஸ்டன் டீசல். புது பில் எடுத்தால் பழைய குற்றத்தோடு காகிதக் குற்றமும் சேரும்.

ஒரு கதவு உண்டு. வெளிநாட்டில் அந்தச் சரக்கைப் பதப்படுத்தி, அது புதிய, வேறான ஒரு பொருளாக மாறிவிட்டால், அங்கிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். பெட்ரோலுக்கான கலவைச் சரக்குகளை வெளிநாட்டு டெர்மினலில் கலந்து விற்கத்தக்க பெட்ரோலாக்கும் தொழில் இந்த விதியை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் எது புதிய பொருள், எது வெறும் கலக்கல் என்பதை அமெரிக்க கஸ்டம்ஸ் ஒவ்வொரு வழக்காகத்தான் பார்த்துச் சொல்லும், லேப் கருத்தோடு. முன்கூட்டியே எழுதி ரூலிங் வாங்க வேண்டும். நடுக்கடலில் போனில் பேசித் தீர்க்கிற காரியம் இல்லை. அதுவும் உன்னுடையது முழுதாகத் தயாரான டீசல். அதை எதாக மாற்றப்போகிறார்கள்?

2022 கதை இது. செப்டம்பர் 18-இல் ஃபியோனா புயல் அடித்து, தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரில் ஓடுகின்றன, டீசல் தட்டுப்பாடு. டெக்ஸாஸிலிருந்து 3,00,000 பீப்பாய் டீசலோடு ஜிஹெச் பார்க்ஸ் என்ற கப்பல், உன் கப்பலைப் போலவே மார்ஷல் தீவுகள் கொடி, தெற்குக் கரைக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே வர முடியவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் டீசல் மிதக்கிறது, கரையில் டீசல் இல்லை. உலகச் செய்தியாகிவிட்டது. 28-ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் மயோர்காஸ் அந்த ஒரு கப்பலுக்கு விலக்கு கொடுத்தார். 2017-இல் மரியா புயலுக்குப் பிறகும் பத்து நாள் விலக்கு கொடுத்தார்கள், அது எல்லாக் கப்பலுக்கும்.

அந்த நண்பர் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஜிஹெச் பார்க்ஸுக்குப் பிறகு, அந்த வருடக் கடைசியிலேயே, அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. விலக்கு கேட்கும் நேரத்தில் சரக்கு ஏற்கெனவே கப்பலில் இருந்தால் விலக்கு கிடையாது. ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று கேட்கும் வேலை இனி நடக்காது. உன் கப்பலில் சரக்கு இருக்கிறது. அவ்வளவுதான்.

---

கஸ்டம்ஸ் ஃபைல்

அண்ணன் சொன்னதற்கு மேல் ஜோன்ஸ் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் இறக்குமதிக் காகிதம் பார்க்கிற பக்கம். தம்பி முதலில் கேட்டதில் பாதி விட்டுப்போய்விட்டது: சட்டப்படி வெளிநாட்டில் ஏற்றி வந்தால் என்னென்ன விதி?

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்கச் சுங்க எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அதாவது நியூ ஜெர்ஸியில் பெட்ரோல் இறக்கினால் என்ன சுங்கத்தாளோ அதே தாள், அதே வரிவிகிதம். பக்கத்திலேயே கூப்பிடு தூரத்தில் அமெரிக்க வர்ஜின் தீவுகள் இருக்கின்றன, 1917-இல் டென்மார்க்கிடம் விலைக்கு வாங்கியவை. அவை சுங்க எல்லைக்கு வெளியே. ஜோன்ஸ் சட்டமும் அங்கே பொருந்தாது. ஆக, தம்பி, உன் ஹூஸ்டன் டீசலை செயின்ட் குரோயில் இறக்கினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதே கடல், அதே கொடி, அதே டாலர், சட்டம் மட்டும் வேறு. "கரீபியன் துறைமுகம்" என்று ரீகேப்பில் மொட்டையாக எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்புறம் தீவின் சொந்த வரி. சுங்க எல்லைக்குள் இருந்தாலும் புவேர்ட்டோ ரிக்கோ அரசு பெட்ரோலியப் பொருட்களுக்குத் தனியாகப் பீப்பாய்க்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. உள்ளூரில் அதற்குச் செல்லப்பெயர் "லா க்ருதிதா". 2013-இல் 3 டாலராக இருந்ததை 9.25 ஆக்கினார்கள், 2015-இல் 15.50 ஆக்கினார்கள். நெடுஞ்சாலைத் துறையின் கடன் கழுத்தை நெரித்ததால் வந்த ஏற்றம் அது. இதைக் கட்டுவது இறக்குமதியாளர், கப்பல்காரர் இல்லை. ஆனால் அவர் கட்ட வேண்டிய தாள் தாமதமானால் கப்பல் நங்கூரத்தில் கிடக்கும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) சண்டை உன் மேஜைக்கு வரும்.

பொருளின் தரத்தில் அமெரிக்க விதியே செல்லும். டீசல் என்றால் கந்தகம் 15 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் போகக் கூடாது. குவாம், அமெரிக்க சமோவா போன்ற பசிபிக் தீவுகளுக்கு இந்த டீசல் விதியிலிருந்து விலக்கு உண்டு, புவேர்ட்டோ ரிக்கோவுக்கு இல்லை. ஒரு தீவுக்குச் சரியாக இருந்த சர்ட்டிஃபிகேட்டை இன்னொரு தீவுக்குக் காப்பி அடிக்காதே. எங்கள் ஆபீஸில் ஒருவர் அடித்து, சரக்கு பதினோரு நாள் கடலில் நின்றது. அந்த ஆள் நான் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

---

பழைய சீஃப் மேட்

கஸ்டம்ஸ் ஃபைல் சார் சொன்னதோடு கப்பல் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், அடுத்த முறை ஐரோப்பாவிலிருந்து ஒரு ஃபிக்சர் (வாடகைப் பயணம்) வந்தால் உதவும். 96 மணி நேரத்துக்கு முன்னால் அமெரிக்கக் கோஸ்ட் கார்டுக்கு வருகை அறிவிப்பு. வெளிநாட்டு டாங்கர் என்பதால் அவர்கள் ஏறிப் பார்த்துக் கொடுக்கும் சிஓசி சான்றிதழ் கையில் உயிரோடு இருக்க வேண்டும். எண்ணெய் கொட்டினால் பணம் கட்ட வக்கு உண்டு என்று காட்டும் சிஓஎஃப்ஆர் சான்றிதழ். 1990-இல் வந்த எண்ணெய் மாசுச் சட்டத்தின்படி, எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்ற ரெஸ்பான்ஸ் பிளான். மொத்தத்தில் ஹூஸ்டனுக்கு என்னவோ அதேதான். ஆட்களுக்கு சி1/டி என்ற கப்பல் ஊழியர் விசா வேண்டும். "தீவுதானே" என்று விசா இல்லாத ஒரு ஆயிலரை (எஞ்சின் ரூம் ஆள்) ஏற்றி அனுப்பி, அவரைக் கப்பலைவிட்டு இறங்கவிடாமல் காவலுக்கு ஆள் போட்டு, அந்தக் காவலுக்கும் நாமே பணம் கட்டின கதை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இதைப் பலர் மறக்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவையும் வர்ஜின் தீவுகளையும் சுற்றித் தனியாக ஒரு இசிஏ (கப்பல் புகைக்குக் கட்டுப்பாடு உள்ள கடல் பகுதி) இருக்கிறது, 2014 தொடக்கத்திலிருந்து. அதற்குள் கப்பல் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் 0.10 சதவீதம்தான். வெளியே 0.50. எல்லைக் கோட்டைத் தொடும் முன்பே எரிபொருளை மாற்றி முடித்து, லாக் புத்தகத்தில் நேரத்தையும் இடத்தையும் எழுதியிருக்க வேண்டும். பெரிய வட அமெரிக்க இசிஏ-வை மட்டும் சார்ட்டில் பார்த்துவிட்டு, கரீபியனில் இந்தச் சின்னக் கட்டத்தைக் கவனிக்காத செகண்ட் மேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

---

கேஸ் கப்பல் செகண்ட்

எண்ணெய்க்கே இப்படியென்றால் கேஸைக் கேளுங்கள். நான் எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) கப்பலில் செகண்ட் இன்ஜினியர். டிரினிடாட்டிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோவின் பெனுவேலாஸ் டெர்மினலுக்கு எத்தனை தடவை போனேன் என்ற கணக்கே விட்டுப்போச்சு.

2023-இலிருந்து உலகத்திலேயே அதிக எல்என்ஜி ஏற்றுமதி செய்யும் நாடு அமெரிக்கா. லூசியானாவில் ஏற்றிய கேஸோடு நான் ஜப்பான் போயிருக்கிறேன், ஸ்பெயின் போயிருக்கிறேன். அதே லூசியானா கேஸைப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு எடுத்துப் போக முடியாது. ஏன் என்றால் ஜோன்ஸ் சட்டத் தகுதியோடு அமெரிக்காவில் கட்டிய எல்என்ஜி கப்பல் ஒன்றுகூட ஓடவில்லை. அதனால் அமெரிக்காவின் தீவு பல வருடமாக டிரினிடாட்டிலும் நைஜீரியாவிலும் கேஸ் வாங்கியது. எங்கள் கப்பலில் இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னால் புதுப் பையன்கள் நம்ப மாட்டார்கள்.

இப்போது ஒரு மாற்றம். 1996-இல் போட்ட ஒரு சட்டத்தில் சின்ன விலக்கு ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது: 1996-க்கு முன் வெளிநாட்டில் கட்டிய கேஸ் கப்பலாக இருந்தால், அமெரிக்கக் கொடிக்கு மாற்றிப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு ஓட்டலாம். 2025-இல் கிரவுலி நிறுவனம் அதைப் பயன்படுத்தி, 1994-இல் பிரான்ஸில் கட்டிய ஒரு கப்பலை "அமெரிக்கன் எனர்ஜி" என்று பெயரிட்டுக் கொண்டுவந்துவிட்டது. 1,30,400 கனமீட்டர் கொள்ளளவு. முப்பது வயதுக் கப்பல்! அந்த வயதில் மற்ற எல்என்ஜி கப்பல்கள் கப்பல் உடைக்கும் அலாங் கரைக்கு வழி கேட்கும். அந்த எஞ்சின் ரூம் ஆட்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும். நீராவி டர்பைன் ஓட்டத் தெரிந்தவனுக்கு இன்றைக்கும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்.

இந்தச் சட்டத்தால் தீவில் விலை எவ்வளவு ஏறுகிறது என்று சண்டை ஓயாது. 2013-இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே ஆராய்ந்து, துல்லியமாகச் சொல்ல முடியாது என்று கைவிரித்தது. என்னைக் கேட்டால், தென்கொரியாவில் ஆகும் செலவைப்போலப் பல மடங்கு கொடுத்துக் கட்டிய கப்பலின் வாடகை யார் தலையிலாவது விழத்தானே செய்யும்?

---

அல்லேஜ் டேப்

நான் சர்வேயர். விதி விதி என்று எல்லாரும் காகிதத்தையே பேசுகிறீர்கள். அந்தத் தீவில் எண்ணெய் இறக்கும் எவரும் 2009 அக்டோபர் 23-ஐ மறக்கக் கூடாது.

சான் ஹுவான் பக்கத்தில் பயமோன். பழைய ரிஃபைனரி, சுத்திகரிப்பு எப்போதோ நின்றுபோய் டாங்குகளை மட்டும் டெர்மினலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கேப் ப்ரூனி என்ற கப்பல் பெட்ரோல் இறக்கிக்கொண்டிருக்கிறது. ஒரே டாங்க் போதாது, அதனால் பல டாங்குகளுக்கு மாற்றி மாற்றி. டாங்கின் அளவு காட்டும் கருவி கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வரவில்லை. எத்தனை மணிக்கு நிறையும் என்று ஆட்கள் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு வாக்கில் 409-ஆம் நம்பர் டாங்க் வழிந்தது. பெட்ரோல் கூரை விளிம்பிலிருந்து சாரலாக இறங்கி, காற்றில் மேகமாகத் தரையோடு பரவி, எங்கோ ஒரு பொறி பட்டுப் பிடித்தது. 48 டாங்கில் 17 எரிந்தன. இரண்டு நாளுக்கும் மேல் எரிந்தது. ஆச்சரியம், ஒருவரும் சாகவில்லை.

சர்வேயராக எனக்கு இதில் தெரிவது ஒன்று. கப்பல் கனமீட்டரில் பேசும், 15 டிகிரி செல்சியஸில். டெர்மினல் பீப்பாயில் பேசும், 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில். அந்தத் தீவில் பங்க்கில் விற்பதோ லிட்டரில்! (அமெரிக்காவில் பெட்ரோலை லிட்டரில் ஊற்றும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.) மணிக்கு இவ்வளவு ரேட் என்று கப்பலிலிருந்து சொல்லும்போது, எந்த அலகில் சொல்கிறாய் என்பதை ரேடியோவில் இரண்டு தடவை சொல். டாங்க் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சொல். நான் சான் ஹுவானில் நின்ற ஒரு ராத்திரி, டெர்மினல் ஆள் வயசானவர், ஒவ்வொரு மணிக்கும் டாங்க் மேலே தானே ஏறி டேப்பை விட்டுப் பார்த்தார். கருவி நன்றாக வேலை செய்கிறதே, ஏன் ஏறுகிறீர்கள் என்றேன். பயமோன் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த டாங்க் படியில் ஏறப் போய்விட்டார்.

---

கரைக்கு வந்தவன்

எல்லாருக்கும் நன்றி. மேனேஜர் இறங்கிவிட்டார். நான் அனுப்பிய மெயிலைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "யாபுகோவாவுக்கு ஆர்டர் போய்விட்டதா?" இல்லை என்றதும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

சார்ட்டரர் தரப்பில் பிற்பகலுக்குள் நியமனத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அவர்கள் டெஸ்கிலும் புது ஆளாம். கரீபியன் என்று கேட்டதும் மேப்பைத்தான் பார்த்தாராம், என்னைப் போலவே. புது ஆர்டர் ரியோ ஹைனா, டொமினிகன் குடியரசு. வெளிநாடு, ஜோன்ஸ் தலையிடாது. போனில் பஹாமாஸ் யோசனை சொன்னவர் அப்புறம் லைனில் வரவேயில்லை, எழுதியும் தரவில்லை.

காத்திருந்த பதினான்கு மணி நேரம் யார் கணக்கு என்று நாளைக்குச் சண்டை தொடங்கும். அண்ணே, மெயிலில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னீர்களே, சேர்த்திருக்கிறேன். மாஸ்டருக்குப் போன் போட்டு ரியோ ஹைனா என்று சொன்னேன். "சரி தம்பி" என்றார். உடனே இசிஏ எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் போக வேண்டும் என்று கேட்டார். சார்ட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், அந்தச் சின்னக் கட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.